பாட்டை ஏற்றுவதே பெரிய வேலையாக இருந்த காலம்: கையடக்க இசைக்கருவிகள் பற்றி ஓர் இழை

#1 வன்தட்டுவாசி

மேசையின் கீழ்த்தட்டைச் சுத்தம் செய்தபோது பழைய பாட்டுக்கருவி ஒன்று கையில் அகப்பட்டது. 20 ஜிகாபைட் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) உள்ளது. எந்த நிறுவனத்தினுடையது என்று சொல்லப்போவதில்லை. இத்தனை வருடம் உழைத்த பொருளின் மீது இப்போது புகார் வைப்பது நன்றாக இருக்காது. முதுகுப்பக்கம் ஒரு காலத்தில் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்த எஃகு, இன்று கீறல் மேல் கீறல் விழுந்து சாம்பல் பூத்திருக்கிறது. அரை மணி நேரம் சார்ஜில் போட்டேன். திரையில் வெளிச்சம் வந்தது. காதோடு ஒட்டி வைத்துக் கேட்டால் உள்ளே 'டிக்... டிக்... டிக்' என்று ஏழெட்டு முறை தட்டுகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. பாட்டு வரவில்லை.

முதல் கேள்வி: இதைப் பிழைக்க வைக்க முடியுமா?

இரண்டாவதாக ஒரு யோசனை. விவாதத்துக்காகவே வைக்கிறேன். இந்தக் கருவிகளின் கதையை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒலித்தரம் என்பார்கள், கொள்ளளவு என்பார்கள். எனக்கு ஞாபகத்தில் நிற்பது பாட்டை ஏற்றிய வேலைதான். கேபிளைச் செருகிவிட்டு அந்தப் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எந்தக் கருவி வென்றது, எது தோற்றது என்று கணக்குப் பார்த்தாலும், ஏற்றுவதை எது எளிதாக்கியதோ அதுதான் நின்றிருக்கிறது என்று தோன்றுகிறது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

#2 ஒலிநாடா

நான் மறுக்கிறேன். ஆனால் முதலில் கதையை அதன் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். எல்லோரும் ஐபாட் வந்த 2001-இல் ஆரம்பிப்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

1979 ஜூலையில் சோனியின் வாக்மேன் வந்தது. அது டிஜிட்டல் இல்லை, நாடாதான். ஆனால் நடந்துகொண்டே தனியாகப் பாட்டுக் கேட்கலாம் என்ற பழக்கத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். அதே 1979-இல் கேன் கிரேமர் என்ற பிரிட்டிஷ்காரர், நகரும் பாகம் எதுவுமில்லாமல் நினைவகச் சில்லில் பாட்டை வைத்துக் கேட்கும் கருவி ஒன்றை வரைந்து காட்டினார். அன்றைய சில்லுகளில் மூன்றரை நிமிடம்தான் கொள்ளும், அதாவது ஒரே ஒரு பாட்டு. காப்புரிமையைத் தொடர்ந்து வைத்திருக்கப் பணமில்லாமல் 1988-இல் அது காலாவதியாகிவிட்டது. ஆக, யோசனை இருந்தது, அதைப் போட்டுவைக்க இடம் இல்லை.

1984-இல் கையடக்க சி.டி. பிளேயர். 1992-இல் மினிடிஸ்க். மினிடிஸ்க்கை மறந்துவிட்டுப் பேசுகிறவர்களோடு நான் விவாதிப்பதே இல்லை. அட்ராக் என்ற சுருக்கமுறை கொண்டு 74 நிமிட இசையை இரண்டரை அங்குலத் தட்டில் அடக்கினார்கள். எம்பி3 கருவிகளுக்கு ஆறு வருடம் முன்பே பாட்டைச் சுருக்கி வைத்துக் கேட்ட கருவி அது.

#3 வன்தட்டுவாசி

ஐயா, நீங்கள் எனக்கே சாட்சி சொல்கிறீர்கள். மினிடிஸ்க்கில் 74 நிமிடப் பாட்டை ஏற்ற 74 நிமிடம் ஆகும். சி.டி. பிளேயரிலிருந்து கம்பி போட்டு, பாட்டு ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டும். கணினியிலிருந்து யு.எஸ்.பி. வழியாக ஏற்றலாம் என்று 2001-இல் நெட்எம்டி என்ற புது வகை மினிடிஸ்க் வந்தபோது, ஒரு பாட்டை மூன்று முறைக்கு மேல் ஏற்றவிடாத மென்பொருளையும் கூடவே கொடுத்தார்கள். தட்டு அருமை, ஏற்றும் வழி பாழ். தோற்றதற்கு வேறு என்ன காரணம் வேண்டும்?

#4 பிட்விகிதம்

இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். எம்பி3 என்ற சுருக்கமுறை இல்லாமல் இந்த இழையே இல்லை.

கணக்கைப் பாருங்கள். சி.டி.யில் ஒலியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்தெடுத்த மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடம். பெருக்கினால் நொடிக்கு சுமார் 1,411 கிலோபிட். ஒரு நிமிடப் பாட்டுக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல். இதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்கூட ஆகாது. பதினொன்றில் ஒரு பங்கு.

எதை வெட்டி எறிந்தார்கள் என்பதுதான் அழகு. ஒரு பெரிய ஓசைக்கு அருகிலேயே இருக்கும் சின்ன ஓசையைக் காது பிடிப்பதில்லை. தவில் ஓங்கி ஒலிக்கிற அந்தக் கணத்தில் பின்னால் இருக்கும் மெல்லிய தம்பூரா இழை நமக்குக் கேட்காது. கேட்காததை எதற்குச் சேமிக்க வேண்டும்? ஜெர்மனியில் எர்லாங்கனில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தில் கார்ல்ஹைன்ட்ஸ் பிராண்டன்பர்க்கும் அவரோடு இருந்தவர்களும் வருடக்கணக்கில் இதைச் செதுக்கினார்கள். அவர்களுக்கு மிகவும் தொல்லை கொடுத்தது பெரிய ஆர்கெஸ்ட்ரா இல்லை. எந்த வாத்தியமும் இல்லாமல் ஒரு பெண் குரல் மட்டும் பாடிய பாட்டு. மறைத்துக்கொள்ள வேறு ஓசை இல்லாததால் சுருக்கத்தின் ஒவ்வொரு பிசகும் அப்பட்டமாகக் கேட்டது. அந்தப் பாட்டை வைத்தே திரும்பத் திரும்பச் சரிசெய்தார்கள்.

கோப்பின் பின்னொட்டு '.எம்பி3' என்று இருக்கட்டும் என அவர்கள் முடிவு செய்தது 1995 ஜூலை 14. எனக்குப் பண்டிகை எதுவும் பெரிதாகக் கிடையாது, இந்தத் தேதி மட்டும் நினைவிருக்கிறது.

#5 கேட்பவள்

பிட்விகிதம் அண்ணா, தவில், தம்பூரா எடுத்துக்காட்டைக் களவாடிக்கொள்கிறேன். வகுப்பில் சொல்ல உதவும்.

1998-இல் வந்த முதல் கருவிகளைப் பயன்படுத்தியவர் இங்கே எத்தனை பேர்? அந்த வருடம் கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் கொண்டுவந்தது, பின்னாலேயே டைமண்ட் நிறுவனத்தின் ரியோ. இரண்டிலும் 32 மெகாபைட். அண்ணாவின் கணக்குப்படி அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். என் மாமாவிடம் ரியோ இருந்தது. கணினியின் பின்பக்கம் பிரிண்டர் கேபிளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில்தான் இதைச் செருக வேண்டும். ஆகவே அச்சும் எடுக்க வேண்டும், பாட்டும் ஏற்ற வேண்டும் என்றால் மேசைக்கு அடியில் தவழ வேண்டும். மாமா தவழ்வார், நான் டார்ச் பிடிப்பேன்.

நாளைக்கு எந்த ஏழெட்டுப் பாட்டு என்று இரவே முடிவு செய்தாக வேண்டும். இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அந்த ஏழெட்டுப் பாட்டையும் எத்தனை ஊன்றிக் கேட்டோம்! தாளம் தட்டும் இடம்வரை மனப்பாடம்.

#6 ஒலிநாடா

ரியோ பற்றிப் பேசினால் வழக்கைச் சொல்லாமல் போக முடியாது. திருப்புமுனை எது என்று கேட்டால் என் பதில் அந்த வழக்குதான்.

1998 அக்டோபரில் அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் ரியோவைத் தடை செய்யச் சொல்லி நீதிமன்றம் போனது. 1992-ஆம் வருடச் சட்டம் ஒன்றின்படி, டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவி என்றால் அதில் படியெடுப்பதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இருக்க வேண்டும், உரிமத் தொகையும் கட்ட வேண்டும். முதலில் தற்காலிகத் தடை கிடைத்தது, பத்து நாளில் அதுவும் போனது. 1999 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: ரியோ பாட்டை எடுப்பது கணினியின் வன்தட்டிலிருந்து, வன்தட்டில் பாட்டு மட்டுமா இருக்கிறது, ஆயிரம் நிரல்களும் கோப்புகளும் இருக்கின்றன, ஆகவே சட்டம் சொல்லும் 'இசைப்பதிவு' என்ற வகையில் அது வராது, அதிலிருந்து நகலெடுக்கும் ரியோவும் ஒலிப்பதிவுக் கருவி ஆகாது. தனக்குச் சொந்தமான பாட்டை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றிக் கேட்பது சொந்தப் பயன்பாடுதான் என்றும் சொன்னது.

அந்தத் தீர்ப்பு மாறிப் போயிருந்தால் வன்தட்டுவாசியின் மேசைத் தட்டில் இன்று மினிடிஸ்க்தான் கிடைத்திருக்கும்.

#7 வன்தட்டுவாசி

வழக்கே 'ஏற்றுவது' பற்றித்தான். நான் வேறொன்றும் சொல்லவில்லை.

#8 மின்கலம்

இருவரும் பேசிக்கொண்டிருங்கள், நான் வன்தட்டுக் கதைக்கு வருகிறேன். என் பிழைப்பே பழையதைத் திறந்து மூடுவது.

வன்தட்டு வைத்த பாட்டுக்கருவியை முதலில் செய்தது ஆப்பிள் என்று நினைப்பவர்கள் அதிகம். காம்பாக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவான பெர்சனல் ஜூக்பாக்ஸ் 1999-இலேயே வந்துவிட்டது. மடிக்கணினியில் போடும் இரண்டரை அங்குல வன்தட்டு, 4.8 ஜிகாபைட். அடுத்த வருடம் கிரியேட்டிவ் நிறுவனத்தின் நோமாட் ஜூக்பாக்ஸ், 6 ஜிகாபைட், சி.டி. பிளேயர் அளவுக்குப் பெரியது. இரண்டையும் சட்டைப்பையில் போட முடியாது. இரண்டுக்கும் பழைய யு.எஸ்.பி. இணைப்பு. நடைமுறையில் நொடிக்கு ஒரு மெகாபைட் போனால் புண்ணியம். 5 ஜிகாபைட் நிரப்ப ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும்.

2001 பிப்ரவரியில் தோஷிபாவுக்குப் போன ஆப்பிளின் வன்பொருள் தலைவர் ஜான் ரூபின்ஸ்டைனுக்கு அங்கே 1.8 அங்குல வன்தட்டு ஒன்றைக் காட்டினார்கள். அதை எதில் போடுவது என்று அவர்களுக்கே தெளிவில்லை. இவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அக்டோபர் 23-ஆம் தேதி ஐபாட் அறிமுகமானது: 5 ஜிகாபைட், ஆயிரம் பாட்டு, இணைப்புக்கு ஃபயர்வயர். நொடிக்கு 400 மெகாபிட் வேகம். ஆயிரம் பாட்டும் பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடும் என்றார்கள். ஆக, இந்த ஒரு விஷயத்தில் வன்தட்டுவாசி சொல்வது சரி.

இன்னொரு நுட்பம். வன்தட்டு சுழன்றுகொண்டே இருந்தால் பாட்டரி தாங்காது, நடக்கும்போது அதிர்ந்து பாட்டும் தடுமாறும். ஆகவே உள்ளே 32 மெகாபைட் நினைவகம் வைத்தார்கள். தட்டு சில நொடி சுழலும், அடுத்து வரும் பாட்டுகளை அந்த நினைவகத்தில் கொட்டிவிட்டுத் தூங்கிவிடும். 160 கிலோபிட் பாட்டு என்றால் இருபது நிமிடத்துக்கு மேல் தட்டு எழ வேண்டியதில்லை. அதே கருவியில் இழப்பில்லாத கோப்பை, நொடிக்கு 900 கிலோபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், போட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டு விழித்தாக வேண்டும். பாட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு நோய் பாட்டரியில் இல்லை, கோப்பில்.

நண்பர் கேட்ட 'டிக் டிக்' பற்றி: வன்தட்டின் தலை, தடத்தைத் தேடிக் கிடைக்காமல் ஓரத்துக்குப் போய்ப் போய் வருகிற ஓசை அது. தட்டு முடிந்தது. கருவி முடியவில்லை. செய்முறையைப் பிறகு எழுதுகிறேன்.

#9 புதியவன்23

எல்லோருக்கும் வணக்கம். இந்த இழையை முழுவதும் படித்தேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன், கேலி இல்லை: கோடிக்கணக்கான பாட்டு கைபேசியில் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு?

#10 கேட்பவள்

தம்பி, கேள்வியில் தவறே இல்லை. என் கதையைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2000-களின் நடுவில் இணையக் கடை ஒன்றில் ஐம்பது அறுபது பாட்டு வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். கோப்புகளுக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள்: கணினியை மாற்றினால் அவர்களுடைய சர்வரிடம் அனுமதி வாங்கித்தான் பாட்டுத் திறக்கும். நான் கணினியை மாற்றினேன். அதற்குள் அவர்கள் கடையை மூடி, சர்வரையும் நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பாட்டு, என் தட்டிலேயே கிடக்கிறது, திறக்கவில்லை. நல்லவேளையாகப் பாதியை முன்பே சி.டி.யில் எழுதி வைத்திருந்தேன். அதிலிருந்து மறுபடி எம்பி3 ஆக்கினேன். சுருக்கியதை விரித்து, விரித்ததை மறுபடி சுருக்கியதில் சிஞ்சாவின் ஓசையெல்லாம் தகரத்தில் மணல் கொட்டியது போல ஆகிவிட்டது.

மீதிப் பாதி போனது போனதுதான். என் அம்மாவின் நாடாக்கள் இன்னும் பாடுகின்றன.

#11 பிட்விகிதம்

ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2003 ஏப்ரல் 28-இல் திறந்தபோதும் பூட்டு இருந்தது. இசை நிறுவனங்கள் அது இல்லாமல் பாட்டைத் தரவில்லை. 2009 ஜனவரியில்தான் அந்தக் கடையின் பாட்டுகளிலிருந்து பூட்டை முழுக்க எடுப்பதாக அறிவிப்பு வந்தது. நடுவில் ஆறு வருடம். பூட்டு எடுக்கப்பட்ட காலத்தில் இன்னொரு பக்கம் பாட்டை வாங்கும் பழக்கமே தேயத் தொடங்கிவிட்டது.

#12 நிசப்தம்

சற்றுத் திசை மாறுகிறேன், மன்னிக்கவும். ஒலித்தரம் முக்கியமில்லை என்று வன்தட்டுவாசி முதல் பதிவிலேயே ஒதுக்கிவிட்டார். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் வரும் அந்த வெற்று இடைவெளியை எப்படி மறந்தார்?

கச்சேரிப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலாபனை முடிகிறது, கைதட்டல், கைதட்டல் அடங்குமுன் கீர்த்தனை தொடங்குகிறது. சி.டி.யில் இவை தனித்தனித் தடம், ஆனால் ஓசை அறுபடாது. அதையே எம்பி3 ஆக்கிக் கருவியில் போட்டால் கைதட்டலின் நடுவே ஒரு விக்கல். யாரோ அரங்கத்தின் மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்திப் போட்டது போல.

காரணம் கருவியின் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. எம்பி3 பாட்டை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாக (ஃபிரேம்களாக) வெட்டுகிறது. ஒரு சட்டம் சுமார் 26 மில்லிநொடி. எந்தப் பாட்டும் சட்டத்தின் விளிம்பில் சரியாக முடிவதில்லை. கடைசிச் சட்டத்தில் மீதி இடத்தை மௌனத்தால் நிரப்பிவிடுவார்கள். தொடக்கத்திலும் சுருக்கும் நிரலுக்குக் கொஞ்சம் முன்னோட்டம் வேண்டும், அதுவும் மௌனம். எத்தனை மாதிரி மௌனம் சேர்த்தோம் என்பதை எழுதி வைக்க எம்பி3 தரத்திலேயே இடம் கொடுக்கவில்லை! லேம் என்ற இலவச மென்பொருள் எழுதியவர்கள்தான் முதல் சட்டத்தில் ஒரு குறிப்பாக அதைச் செருகினார்கள். அந்தக் குறிப்பைப் படித்து மௌனத்தை வெட்டத் தெரிந்த கருவியில் மட்டும் கச்சேரி முழுதாகக் கேட்டது.

ஐபாடுக்கு இந்த வசதி வந்தது 2006 செப்டம்பரில். ஐந்து வருடம் விக்கலோடு விற்றார்கள். அதற்குள் ராக்பாக்ஸ் என்ற இலவச ஃபர்ம்வேர், அதாவது கருவியையே இயக்கும் மென்பொருள், அதைச் செய்துகொண்டிருந்தது.

#13 மின்கலம்

ராக்பாக்ஸ் என்றதும் எனக்குக் கை பரபரக்கிறது. 2001 கடைசியில், ஆர்கோஸ் நிறுவனத்தின் வன்தட்டுக் கருவியில் இருந்த மென்பொருள் பிடிக்காமல் சில நிரலாளர்கள் தாங்களே எழுதத் தொடங்கியது அது. பிறகு ஐபாட், ஐரிவர், சான்சா என்று பல கருவிகளுக்கும் பரவியது. அதன் திரை அழகாக இருக்காது, விருப்பத்தேர்வுகள் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும், ஆனால் கணினியில் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். கோப்புறையை இழுத்துப் போட்டால் பாடும்.

#14 ஒலிநாடா

மென்பொருள் என்று வந்தால் ஸூன் கருவியை நினைக்காமல் எப்படி? மைக்ரோசாஃப்ட் 2006 நவம்பரில் கொண்டுவந்தது. அதில் கம்பியில்லாமல் நண்பருக்குப் பாட்டு அனுப்பலாம், ஆனால் அவர் மூன்று முறை கேட்டதும் அல்லது மூன்று நாள் ஆனதும் பாட்டு மறைந்துவிடும். பரிசு கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்று திரும்பக் கேட்பது போல.

2008 டிசம்பர் 31 காலையில் 30 ஜிகாபைட் ஸூன்கள் எல்லாம் ஒரே நாளில் உறைந்துபோயின. அது லீப் வருடம், அன்று 366-ஆம் நாள். கடிகார நிரலில் '365-க்கு மேலே இருக்கும்வரை சுற்று' என்று ஒரு சுழற்சி. உள்ளே லீப் வருடமா என்று பார்த்து, 366-க்கும் அதிகமானால் மட்டும் கழிக்கும். சரியாக 366 என்றால்? கழிக்கவும் செய்யாது, வெளியே வரவும் செய்யாது. செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். நிறுவனம் சொன்ன வைத்தியம்: பாட்டரி தீரும்வரை விடுங்கள், புத்தாண்டு அன்று நண்பகலுக்குப் பிறகு சார்ஜ் போடுங்கள்.

#15 பிட்விகிதம்

அந்த நிரல்துண்டை நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் காட்டிப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். பாதிப் பேர் பிடித்துவிடுவார்கள். மீதிப் பேர் ஸூன் என்றால் என்ன என்று கேட்பார்கள்.

#16 கேட்பவள்

பெயரில்லாத சிறு கருவிகளை யாரும் சொல்லவில்லையே? விரல் நீளத்தில், ஒரு ஏஏஏ பாட்டரி போட்டு, முனையைக் கழற்றினால் நேராக யு.எஸ்.பி.யில் செருகும்படி வந்தனவே. நான் வாங்கிய ஒன்றில் பெட்டி மேல் 4 ஜிகாபைட் என்று எழுதியிருந்தது, கணினியும் 4 என்றுதான் காட்டியது. ஒரு ஜிகாபைட் தாண்டியதும் ஏற்றிய பாட்டெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதப்பட்டு, ஒரு பாட்டின் பல்லவிக்கு இன்னொன்றின் சரணம் வந்தது. சில்லு பொய் சொல்லும்படி திருத்தப்பட்டிருந்தது. கோபப்படுவதற்கு முன் பத்து நிமிடம் சிரித்தேன்.

இருந்தாலும், உலகில் பெரும்பாலானோர் முதலில் கையில் பிடித்த எம்பி3 கருவி இந்த வகைதான் என்று நினைக்கிறேன். ஐபாட் வரலாறு எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை.

#17 நிசப்தம்

எம்பி3 தட்டுகளைப் படிக்கும் சி.டி. பிளேயரையும் எழுதுவதில்லை. 700 மெகாபைட் தட்டில் 128 கிலோபிட்டில் பன்னிரண்டு மணி நேரம். ஏற்றுவதற்கு சி.டி. எழுதும் கருவி இருந்தால் போதும். இரண்டு மூன்று வருடம் என்னை வாழவைத்தது அதுதான்.

#18 வன்தட்டுவாசி

பேச்சு பல பக்கம் போனது நல்லதுதான். ஒலிநாடா ஐயாவுக்கு ஒரு கேள்வி. ஏற்றுவது காரணம் இல்லை என்றால், 6 ஜிகாபைட் நோமாட் ஏன் 5 ஜிகாபைட் ஐபாடிடம் தோற்றது?

#19 ஒலிநாடா

உடனே தோற்கவில்லை, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. முதல் ஐபாட் மேக் கணினியோடு மட்டும்தான் பேசும். அதை வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். விண்டோஸுக்கு ஐடியூன்ஸ் வந்தது 2003 அக்டோபரில். கூட்டம் சேர்ந்தது அதற்குப் பிறகு. ஆக, வேகமான கம்பி 2001-இலேயே இருந்தும் இரண்டு வருடம் எதுவும் பெரிதாக நடக்கவில்லை.

நான் சக்கரத்தைச் சொல்வேன். ஆயிரம் பாட்டில் ஒன்றைத் தேட, பொத்தானை ஆயிரம் தடவை அமுக்க முடியாது. முதல் ஐபாடில் சக்கரம் நிஜமாகவே சுழலும். கட்டைவிரலை வேகமாகச் சுற்றினால் பட்டியலும் வேகம் எடுக்கும். 2002-இல் அது சுழலாத தொடுசக்கரம் ஆனது, 2004-இல் பொத்தான்களும் அதற்குள்ளேயே போயின. கண்ணால் பார்க்காமல், பைக்குள் கைவிட்டே இயக்கலாம். இன்றைய தொடுதிரையில் முடியுமா?

#20 வன்தட்டுவாசி

முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். விண்டோஸ் விஷயத்தில் என் வாதம் ஆட்டம் காண்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐடியூன்ஸ் என்பதே ஏற்றுகிற மென்பொருள்தானே? சி.டி.யைப் போட்டால் அதுவே படியெடுத்து, பெயர் தேடிப் போட்டு, கம்பியைச் செருகியதும் கருவிக்குள் தள்ளிவிட்டது. கம்பியை மட்டும் சொன்னது என் தவறு. கம்பி, மென்பொருள் இரண்டும் சேர்ந்ததுதான்.

#21 பிட்விகிதம்

சமாதானம் ஆகிவிட்டீர்களா? சரி, வன்தட்டு ஏன் செத்தது என்பதையும் சொல்லிவிடலாம். 2005 ஜனவரியில் திரையே இல்லாத ஐபாட் ஷஃபிள், செப்டம்பரில் ஐபாட் நானோ. இரண்டும் ஃபிளாஷ் நினைவகம். நகரும் பாகம் இல்லை, கீழே விழுந்தாலும் கவலையில்லை. வந்து இரண்டு வருடம்கூட நிரம்பாத, சிறு வன்தட்டு வைத்த ஐபாட் மினியை, அது நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே நிறுத்திவிட்டு நானோவைக் கொண்டுவந்தார்கள். அந்தத் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

2007-இல் ஐபோன். அதன் பிறகு நடந்ததைச் சொல்லவே வேண்டாம். வன்தட்டு வைத்த கடைசி ஐபாட் 2014-இலும், ஐபாட் என்ற பெயரே 2022 மே மாதத்திலும் போனது. எம்பி3 காப்புரிமைக்கான உரிமத் திட்டத்தை ஃபிரான்ஹோஃபர் 2017 ஏப்ரலில் நிறுத்தியபோது 'எம்பி3 செத்துவிட்டது' என்று தலைப்புப் போட்டார்கள். காப்புரிமை தீர்ந்தால் அந்தப் பொருள் எல்லோருக்கும் சொந்தமாகிறது என்று அர்த்தம். இதைச் சாவு என்று எழுத எப்படித்தான் மனம் வந்ததோ.

#22 புதியவன்23

இப்போதும் தனிக் கருவிகள் புதிதாக வருகின்றனவே? 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்கிறார்கள். வாங்கலாமா?

#23 நிசப்தம்

தம்பி, 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பு 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஓசையைப் பிடிக்கும். மனிதக் காது நல்ல இளமையில் 20 வரை கேட்கும், என் வயதில் 12-ஐத் தாண்டினால் அதிர்ஷ்டம். 192-ஐக் கேட்க வௌவாலைத்தான் கூப்பிட வேண்டும். அந்தப் பணத்தில் நல்ல இயர்போன் வாங்குங்கள்.

தனிக் கருவி வாங்குவதற்கு நல்ல காரணம் வேறு இருக்கிறது: பாட்டின் நடுவே யாரும் அழைக்க மாட்டார்கள்.

#24 மின்கலம்

வாக்களித்த செய்முறை. வன்தட்டுவாசி, கவனமாகப் படியுங்கள்.

உலோகக் கரண்டி, கத்தி எதுவும் வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் நெம்புகோல் அல்லது பழைய கிட்டார் மீட்டி. பக்கவாட்டு இடுக்கில் விட்டு மெதுவாக நகர்த்துங்கள், உள்ளே கொக்கிகள் 'டக்' என்று விடும். முழுதாகத் திறந்ததும் இரண்டு பாதியையும் பிரித்து இழுத்துவிடாதீர்கள். பாட்டரியின் பட்டைக் கம்பியும் இயர்போன் துளையின் பட்டைக் கம்பியும் முதுகு மூடியில் ஒட்டியிருக்கும். என்னிடம் வரும் கருவிகளில் பாதி இந்த இடத்தில் அறுந்துதான் வருகின்றன. இணைப்பின் சிறு தாழ்ப்பாளை நகத்தால் தூக்கிவிட்டு, பிறகு பட்டையை உருவுங்கள்.

பாட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ வளைக்கவோ வேண்டாம். தனியே எடுத்து மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

1.8 அங்குலத் தட்டின் இடத்தில், எஸ்.டி. கார்டு செருகும் மாற்றுப்பலகை கிடைக்கிறது. உங்கள் தட்டின் இணைப்பு எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள். கார்டை எஃப்.ஏ.டி.32 முறையில் வடிவமைத்து (ஃபார்மட் செய்து), ராக்பாக்ஸ் ஏற்றிவிடுங்கள்.

கடைசியாக, பாட்டின் பெயர்கள். பழைய எம்பி3 கோப்புகளின் வாலில் 128 பைட் மட்டும் ஒதுக்கிய பெயர்ப்பட்டை இருக்கும். அதில் தலைப்புக்கு 30 பைட். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட், புள்ளிக்கும் கொம்புக்கும்கூடத் தனித்தனியே மூன்று. பத்துக் குறியோடு பெயர் வெட்டுப்பட்டு நிற்கும். இரண்டாம் பதிப்புப் பட்டைக்கு மாற்றினால் முழுப் பெயரும் எழுதலாம்.

#25 வன்தட்டுவாசி

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன்.

திறந்தேன். பாட்டரி உப்பவில்லை, ஆனால் சோர்ந்திருந்தது, மாற்றினேன். தாழ்ப்பாளைத் தூக்கும்போது கை நடுங்கியது உண்மை. பலகையும் கார்டும் போட்டு மூடியதும் கருவி பாதி எடையாகிவிட்டது. இதற்கு முன் இல்லாத ஒரு குறை: பாட்டு மாறும்போது உள்ளே தட்டு எழுந்து சுழலும் அந்த மெல்லிய 'உய்ய்ங்' இல்லை. அதைத் தேடுவேன் என்று நினைக்கவே இல்லை.

நேற்று இரவு பாட்டு ஏற்றினேன். கார்டில் 128 ஜிகாபைட் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் போட்டிருக்கலாம். கேட்பவள் எழுதியது ஞாபகம் வந்து, எட்டே எட்டு மட்டும் போட்டேன்.

இடப்பக்கம் மட்டும் ஓசை கொஞ்சம் குறைவாக வருகிறது. மின்கலம் அண்ணா, இயர்போன் துளையின் பட்டையை நான் சரியாக அமுக்கவில்லையா, அல்லது துளையையே மாற்ற வேண்டுமா?

#26 மின்கலம்

செருகியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஓசை வந்து வந்து போனால் துளை தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும். திருப்பியும் மாறாமல் ஒரே அளவாகக் குறைவாக இருந்தால் பட்டை சாய்ந்திருக்கிறது. திறந்து, தாழ்ப்பாளைத் தூக்கி, நேராக வைத்து மூடுங்கள். இந்த முறை கை நடுங்காது.